குத்தாத வலது காது

"இன்னாமா, ஒரு காதுதான் குத்திக்கீது? இன்னொரு காது எப்போ?"

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் வேர்க்கடலை விற்ற பெண், என் மகளின் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். நாங்கள் புனேவுக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. ரயிலில் எதிர் இருக்கையில் வந்தவர், பாலர் பள்ளி ஆசிரியை, மாடிவீட்டு மராத்தி அம்மாள் என்று எல்லாரும் அவரவர் மொழியில் இதையே கேட்டுவிட்டார்கள். பதில் இன்னும் என்னிடம் இல்லை. போய்வந்த ஐந்து நாட்களையும் வரிசையாக எழுதிப் பார்த்தால் எனக்கே ஏதாவது தெளியுமா என்று பார்க்கிறேன்.

முதலில் எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் கணவருக்குப் புனேயில் தொழிற்சாலை வேலை. அவருடைய ஊர் செங்கல்பட்டு தாண்டி, படாளத்திலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமம். நான் கோவில்பட்டிக்காரி. மகள் காவ்யாவுக்குப் பங்குனிக் கடைசியில் மூன்று வயது முடிகிறது. முடிந்துவிட்டால் நாலாவது வயது நடப்பதாகக் கணக்கு. இரட்டைப்படை வயதில் காது குத்துவது என் மாமனார் வீட்டில் வழக்கமில்லை. மொட்டை போன வருடமே முடிந்துவிட்டது. பொங்கலுக்கு ஊரே கூடுகிற நேரத்தில் காதுகுத்தையும் முடித்துவிட வேண்டும் என்று மாமனார் நாள் குறித்துவிட்டார்.

காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். எனக்கு இருப்பது ஒரே அண்ணன், சங்கர். மஸ்கட்டில் வேலை. பொங்கலுக்கு வருவதாக இருந்தவனுக்கு அங்கே விடுப்பைத் தள்ளி வைத்துவிட்டார்கள். இனி வைகாசியில்தான் வருவான். பெரியப்பா மகன்கள் இரண்டு பேர் உண்டு. ஒருவன் மலேசியாவில் இருக்கிறான். இன்னொருவனோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

ஆகவே குழந்தைக்குப் பாவாடை சட்டை, வெந்நீர்க் குடுவை, பஞ்சு, புண்ணுக்குப் போடும் மருந்து, காய்ச்சல் பார்க்கும் கருவி எல்லாம் எடுத்துக்கொண்டு, மடி மட்டும் இல்லாமல் கிளம்பினோம்.

முதல் நாள் செங்கல்பட்டில் காலையில் இறங்கினோம். ரயில் ஊருக்குள் நுழையும்போது தண்டவாளத்தை ஒட்டி ஏரி கிடக்கிறது. காவ்யா அதைக் கடல் என்றாள். கடல் நாளைக்கு என்றேன். "அப்ப இது யாரோடது?" என்று கேட்டாள். என்னவோ ஏரிக்கும் சொந்தக்காரர் வேண்டும் அவளுக்கு.

ரயிலடிக்கு எதிரில் இட்லியும் வடகறியும் சாப்பிட்டோம். எங்கள் ஊரில் வடகறி கிடையாது. மிஞ்சிய வடையை உதிர்த்துப் போட்டதோ என்று சந்தேகத்தோடு குழந்தைக்கு ஊட்டாமல் நிறுத்தினேன். பிறகு நானே இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். குழந்தைக்குப் புனேயிலிருந்து கொண்டுவந்த பிஸ்கட்.

அங்கிருந்து கடற்கரைப் பக்கம் கணவரின் அண்ணன் வீட்டுக்குப் பேருந்து. கல்பாக்கத்தில் ஆராய்ச்சி நிலையத்து ஊழியர்களுக்கான குடியிருப்பில் இருக்கிறார்கள். நிற்கக்கூட இடமில்லாத கூட்டம். நான் படியில் கால் வைத்ததுமே சன்னலோரத்துப் பெண் ஒருத்தி கையை நீட்டிக் காவ்யாவை வாங்கிக்கொண்டாள். பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. திருக்கழுக்குன்றம் வருவதற்குள் என் மகள் மூன்று மடி மாறியிருந்தாள். புனேயில் பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்குவதற்குக்கூட நான் அனுமதி கேட்பேன். இங்கே எனக்குப் பயமாக இருந்தது. கையில் இருந்த பாரம் இறங்கியது சுகமாகவும் இருந்தது. எது முதலில் வந்தது என்று நினைவில்லை.

திருக்கழுக்குன்றத்துக்குச் சற்று தள்ளிப் பேருந்து முக்கி முனகி நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி முன்பக்கம் திறந்து பார்த்தார். புகை வந்தது.

"இன்னா நைனா, வேலைக்கு ஆவுமா ஆவாதா?" என்று உள்ளிருந்து ஒரு குரல்.

"நீ வந்து ஊது, ஆவும்" என்றார் நடத்துநர். "எல்லாம் எறங்கி நில்லுங்க. பின்னாலயே வண்டி வந்துகினு கீது."

வெயிலில் நின்றோம். காவ்யாவை எண்ணிப் பார்த்துத் தேடினேன். ஒரே ஒரு குழந்தையை எதற்கு எண்ண வேண்டும் என்று தெரியவில்லை. அவள் மூன்றாவது மடிக்காரியின் இடுப்பில் உட்கார்ந்து நுங்கு மாதிரி எதையோ தின்றுகொண்டிருந்தாள். வெள்ளரிப் பிஞ்சு. கழுவினார்களா என்று கேட்க நாக்கு வரை வந்துவிட்டது. கேட்கவில்லை. அன்று இரவு இரண்டு முறை நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள். என் ஓரகத்தி வசந்தி அக்கா பன்னிரண்டு வருடமாக அந்தக் குடியிருப்பில் இருக்கிறாள். கும்பகோணத்துப் பெண். காலையில் சதுரங்கப்பட்டினம் சந்தையில் சங்கரா மீன் வாங்கப் போனபோது மடி விஷயத்தைச் சொன்னேன். ஒரு குழந்தைக்குச் சளி என்று சொன்னால் எப்படிக் கேட்பார்களோ அப்படிக் கேட்டுக்கொண்டாள்.

"கோவில்பட்டின்னா தெற்கத்தி. தெற்கத்திக்கு நம்ம ஃபயர் சர்வீஸ் முத்துவேல் அண்ணன் இருக்காரே, அவர்ட்ட சொல்லிடலாம்" என்றாள்.

"அவர் யாருக்கா?"

"யாரு என்ன, அண்ணன்தான்."

மீனைச் சுத்தம் செய்து வாங்கும்வரை விளக்கினாள். இந்தக் குடியிருப்பில் எல்லா ஜில்லாக்காரர்களும் இருக்கிறார்கள். சொந்த பந்தம் எல்லாம் எங்கோ தூரத்தில். ஒருத்தியின் அண்ணனுக்கு விடுப்புக் கிடைக்கும்போது அவள் கணவனுக்கு இரவுப் பணி. சீமந்தத்துக்கு வளையல் போட நாத்தனார் வேண்டுமா, நாலு வீடு தள்ளி ஒருத்தி வந்து போட்டுவிட்டுப் போவாள். காதுகுத்துக்கு மாமன் வேண்டுமானால் அம்மாவின் சொந்த ஜில்லாக்காரராகப் பார்த்துச் சொல்வார்கள். சாதி, கோத்திரம் பார்ப்பதில்லையா என்றேன்.

"பேச்சுதான் பாக்கணும். காதுல குத்தறப்ப குழந்தை கத்தும். அம்மா வீட்டுப் பேச்சு காதுல விழுந்தாத்தான் அடங்கும். எங்க பையனுக்குத் தஞ்சாவூர்க்காரர் ஒருத்தர் உக்காந்தார். என் தம்பி சாயங்காலமா வந்து சாப்பிட்டுட்டுப் போனான்."

"தம்பிக்கு வருத்தம் இல்லையாக்கா?"

வசந்தி அக்கா மீன் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "கேக்கலையே" என்றாள். அவன் கேட்கவில்லையா, இவள் கேட்கவில்லையா என்று நான் தூண்டவில்லை.

புனேயில் காவ்யா மாலைவரை ஒரு காப்பகத்தில் இருக்கிறாள். நான் பள்ளியொன்றில் கணக்கு நடத்துகிறேன். அவள் எந்தக் கையில் தலை வைத்துத் தூங்குவாள் என்பது காப்பகத்து ஆயா மாவ்ஷிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். காது குத்த எங்கள் தெருமுனை அழகு நிலையத்தில் ஒரு கருவி இருக்கிறது. இரண்டு நிமிட வேலை, மடி வேண்டாம். சமையலுக்கு ஆள், பிரசவத்துக்கு மருத்துவமனை, கல்யாணத்துக்கு மண்டபக்காரர் என்று ஒவ்வொன்றாக வெளியே கொடுத்துக்கொண்டே வருகிறோம். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அப்படி இல்லாவிட்டால் நான் வேலைக்குப் போக முடியாது. ஆனால் இந்தக் குடியிருப்பில் வெளியே கொடுத்ததை மறுபடி அண்ணன், நாத்தனார் என்று பெயர் வைத்து உள்ளே கொண்டுவந்திருக்கிறார்கள். அது எனக்குப் புதிதாக இருந்தது. பார்த்தே ஆக வேண்டும் என்று ஆர்வம் வந்துவிட்டது.

மாலையில் முத்துவேல் அண்ணன் பணி முடிந்து காக்கி உடையோடு சைக்கிளில் வந்தார். ஐம்பது வயது இருக்கும். சங்கரன்கோவில் பக்கம். சைக்கிளை நிறுத்துவதற்கு முன்பே, "தாயி எந்தத் தெரு, கோவில்பட்டியில?" என்றார். சொன்னேன். "கடலைமிட்டாய் கொண்டாந்தியளா?" என்றார். புனேயிலிருந்து வருகிறோம் என்றேன். "அங்கன என்னத்தக் கிடைக்கும்" என்று எங்கள் மேல் இரக்கப்பட்டார்.

இதுவரை பதினோரு குழந்தைகளுக்கு மாமனாக உட்கார்ந்திருக்கிறார். சீர்த் தட்டும் அவரே கொண்டுவருவார். தீபாவளிக்குத் துணியும் எடுப்பார். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. தீயணைப்பு வண்டியில் எத்தனை குழாய் என்று சொல்வது போலச் சொன்னார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார்.

"ஒங்க அண்ணன்ட்ட கேட்டுருங்க. அவுக வாயால சரின்னு சொல்லணும். அது இல்லாம நான் உக்கார மாட்டேன்."

"அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான்ணே."

"சொல்ல மாட்டாக. எனக்கும் தெரியும். என் தங்கச்சி சூரத்துல இருக்கா. அவ புள்ளைக்கு யாரு மடியிலயோ காது குத்திட்டாக. எனக்கு அப்போ டியூட்டி மாத்தித் தரல. ரெண்டு மாசம் கழிச்சு போட்டோ வந்தது. பாத்தா நல்ல மனுசனாத்தான் தெரிஞ்சான். நானும் ஒண்ணும் சொல்லல." சைக்கிள் மணியை ஒரு தடவை அழுத்தினார். "கேட்டுருங்க தாயி."

குடியிருப்பு வாசலில் வெளிநாட்டுத் தொலைபேசிக் கூண்டு. கட்டணம் காட்டும் சிவப்பு எண்களைப் பார்த்தபடி மஸ்கட்டுக்குப் போட்டேன். அண்ணன் எடுத்ததும், "ஏ செல்வி, பாப்பா எங்க, காதப் பத்திரமா வச்சிருக்கியா?" என்றான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவன் கேட்பது அதுதான். அவனுக்கு அது வேடிக்கை.

நான் ஆரம்பிப்பதற்குள் அவனே பேசிக்கொண்டு போனான். போன வருடமே தோடு வாங்கி வைத்துவிட்டானாம். அறையில் ஒரு மலையாளியிடம் காட்டினானாம். "இங்க எல்லாம் நாற்காலி, மேசைதான். எனக்குச் சம்மணம் போடுறதே மறந்துபோச்சு, பிள்ள. அன்னைக்குப் பாப்பாவ மடியில வச்சிக்கிட்டு கால் மரத்துப்போய் எழுந்திரிச்சிரக் கூடாதுல்லா? அதனால இப்ப தினம் ராத்திரி தரையில உக்காந்துதான் சாப்பிடுதேன். அறையில எல்லாப் பயலும் சிரிக்கான்."

அப்பா போனபோது நான் பத்தாவது. கல்லூரி விண்ணப்பத்தில் பாதுகாவலர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டவன் அவன். அப்போது அவனுக்கு வயது இருபது. நான் கேட்க வேண்டிய ஒரே ஒரு வாக்கியத்தைக் கேட்கவில்லை. பொங்கல் வாழ்த்துச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

எதிர் டீக்கடையில் முத்துவேல் அண்ணனும் என் கணவரும் நின்றிருந்தார்கள்.

"என்ன சொன்னாக?"

"சரின்னுட்டான்" என்றேன்.

பொய் என்றுகூட அப்போது தோன்றவில்லை. கேட்டிருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பான். கேட்காமலே அந்தப் பதிலை எடுத்துக்கொண்டேன் என்று நினைத்தேன். மாமனார் பத்திரிகை கொடுத்துவிட்டார். கணவருக்கு ஆறு நாள்தான் விடுப்பு. நான் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று அந்த டீ ஆறும்வரை எனக்கு நானே விளக்கிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மாமல்லபுரம். பொங்கல் கூட்டம். சாலையின் இருபுறமும் உளிச் சத்தம். காவ்யா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்தேன்.

குடைவரை மண்டபம் ஒன்றில் மாடு கறக்கும் சிற்பம் இருக்கிறது. மாடு கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் தள்ளி ஒருவர் தோளில் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு நிற்கிறார். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்த வழிகாட்டியிடம், அந்தக் குழந்தைக்கு அவர் தகப்பனா, மாமனா என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கல்லுல எழுதலையேம்மா" என்றார். பிறகு அவருக்கே சந்தேகம் வந்து கிட்டப் போய்ப் பார்த்தார்.

கடற்கரைப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் முதுகில் கம்பிச் சட்டம் மாட்டி அதில் கைக்குழந்தையை உட்கார வைத்துச் சங்கு மாலை பேரம் பேசிக்கொண்டிருந்தார். கடைக்காரப் பெண் சைகையில் அம்மா எங்கே என்று கேட்டாள். அவர் கடலைக் காட்டினார்.

பெண் பக்கத்துக் கடைக்காரியிடம் திரும்பினாள். "தாயாரு கடல்ல குளிச்சிக்கினு கீதாம். இவரு புள்ளய சொமந்துகினு கீறாரு."

"நம்ம வூட்டு ஆம்பளைங்க கைல குடுத்துப் பாரேன். கற்பூரத் தட்டு மாதிரி புடிச்சிக்கினு நிப்பானுங்க."

என் கணவர் காதில் விழுந்திருக்க வேண்டும். காவ்யாவை வாங்கித் தோளில் ஏற்றிக்கொண்டார். வறுத்த மீன் கடைவரை இறக்கவில்லை. அவள் அவர் தலைமயிரைக் கடிவாளம் போலப் பிடித்திருந்தாள். கழுத்து வலிக்கிறது என்று மறுநாள் சொன்னார்.

நான்காம் நாள்தான் காதுகுத்து. முத்துவேல் அண்ணன் வேட்டி சட்டையில், சீர்த் தட்டுகளோடு, எங்களோடு வாடகை வேனில் வந்தார். படாளம் கூட்டுச்சாலை தாண்டியதும் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று எங்கள் முன்னால் போனது. முந்த வழியில்லை. கரும்புச் சோகை சன்னல் வழியே உள்ளே வந்து விழுந்தது. நல்ல நேரம் முடியப்போகிறது என்று கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"மொள்ள போவட்டும் சார்" என்றார் வேன் ஓட்டுநர். "காது எங்கயும் ஓடிடாது."

மாமனார் ஊர்க் கோயில் ஏரிக்கரைக்குக் கீழே, வயல்களுக்கு நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் கிடா வெட்டிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மாமனார் முத்துவேல் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார். "பொண்ணுக்கு அண்ணன் மொறையா?" என்றார். "ஆமாங்கய்யா, மொறைதான்" என்றார் அவர். "ஊரு?" "சங்கரன்கோவில்." "எம்மாந் தூரம்" என்றதோடு மாமனார் திருப்தியாகிவிட்டார்.

பாய் விரித்தார்கள். முத்துவேல் அண்ணன் அப்படியே மடங்கிச் சம்மணமிட்டார். சிரமமே இல்லை. அவர் உட்கார்ந்த விதத்தைப் பார்த்ததும் எனக்கு மஸ்கட் நினைவு வந்துவிட்டது. காவ்யாவை மடியில் வைத்தேன். ஆசாரி தங்கக் கம்பியை எடுத்தார். "பொட்டப் புள்ளைக்கு எடது காது மொதல்ல" என்றார். நான் மருந்து வைத்துத் துடைத்த இடத்தை அவர் தன் விரலால் ஒரு தடவை துடைத்தார். கம்பி உள்ளே போனது.

காவ்யா கத்திய கத்தலில் ஏரிக்கரைக் கொக்குகள் எழும்பின. முத்துவேல் அண்ணன் அவள் தலையைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு எங்கள் ஊர்ப் பேச்சில் ஏதேதோ சொன்னார். "அழாத தாயி, ஆச்சு, ஆச்சு. ஒங்க மாமா வரட்டும், எவ்வளவு சத்தம் போட்டேன்னு சொல்லுதேன்." வசந்தி அக்கா சொன்னது உண்மைதான். அழுகை விம்மலாகக் குறைந்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"முடிஞ்சதும் அண்ணன் நம்பர் குடுங்க தாயி. நானே ஒரு வார்த்தை பேசிருதேன். அதான் மரியாதை."

ஆசாரி அடுத்த கம்பியை எடுத்துவிட்டார். ஐந்து நிமிடம் பேசாமல் இருந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஏன் இருக்கவில்லை என்று இன்றும் யோசிக்கிறேன்.

"அண்ணே, நான் அவன்கிட்ட கேக்கவே இல்ல" என்றேன்.

முத்துவேல் அண்ணன் காவ்யாவின் வலது காதைத் தன் உள்ளங்கையால் மூடினார். மூடியபடியே, "ஆசாரி, போதும்" என்றார்.

மாமனார் எழுந்து வந்தார். "இன்னாபா இது, கூத்தா கீது? ஒரு காதோட நிறுத்தினா சாமிக்கு இன்னா பதில் சொல்றது?"

"கோவிச்சுக்காதீங்கய்யா. இந்தக் காது நான் பாத்தாச்சு. அதை இனிமே மாத்த முடியாது. மத்தது இவுக கூடப்பொறந்த அண்ணனோடது. அவுக சரின்னு சொன்னா நாளைக்கே வந்து உக்காருதேன்."

"அவன் இப்போ எங்க கீறான்?"

"மஸ்கட்டுல, மாமா" என்றேன்.

"அவனுக்காகக் காதைத் தொறந்து வெச்சிக்கினு இருக்கறதா?" என்றார் மாமனார். யாரோ சிரித்தார்கள். பந்தி பார்த்துக்கொண்டிருந்த ஒரு அத்தை, "ஒரு காதோ ரெண்டு காதோ, எலைய போடுங்கடா, சோறு ஆறிப்போவுது" என்றாள். அந்த அத்தைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். என் கணவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். என் இலையில் கறி வைத்தார். மாமனார் சாப்பிட்டு முடிக்கும்வரை எங்கள் பக்கம் திரும்பவில்லை.

முத்துவேல் அண்ணன் சீர்த் தட்டைத் திரும்ப எடுத்துப் போகவில்லை. கிளம்பும்போது படாளத்தில் எப்படியோ தேடி வாங்கிய கடலைமிட்டாயைக் காவ்யா கையில் வைத்தார்.

"ஒங்க அண்ணன்ட்ட நான் பேச மாட்டேன் தாயி. நீங்கதான் பேசணும். பங்குனிக்குள்ள சொன்னியன்னா, லீவு போட்டுட்டுப் புனேக்கு வாரேன். வைகாசி வரைக்கும் பொறுக்கேன்னாலும் சரி. ஆனா போட்டோவுல பாத்துத் தெரிஞ்சிக்கிட வச்சிராதீக."

ஐந்தாம் நாள் வேடந்தாங்கல். மாமனார் வீட்டிலிருந்து பக்கம். வீட்டில் உட்கார முடியாமல்தான் போனோம் என்று சொல்ல வேண்டும். ஏரிக்குள் நிற்கிற மரங்கள் முழுக்கப் பறவைகள். இலை தெரியவில்லை. தொலைநோக்கி வாடகைக்குக் கொடுத்தவர், "எங்கங்கயோ இருந்து வரும். கூடு கட்டும், குஞ்சு பொரிக்கும், கூட்டிக்கினு போயிடும். ஊரும் கெடையாது, ஒறவும் கெடையாது" என்றார். அவற்றுக்குக் காதுகுத்து கிடையாது என்று என் கணவர் சொன்னார். நான்கு நாட்களில் முதல் தடவையாக நான் சிரித்தேன். அப்போதுதான் அந்தக் கடலைக்காரப் பெண் கேட்டாள், இன்னொரு காது எப்போ என்று.

மறுநாள் ரயிலுக்குக் கிளம்பும்போது மாமனார் வாசல்வரை வந்தார். காவ்யாவின் இடது காதில் மஞ்சள் குழைத்துத் தடவினார். "பங்குனிக்குள்ள முடிச்சிடு. எந்த மடியா இருந்தாலும் எனக்குச் சரிதான். நாலு வயசுல மட்டும் வாணாம்" என்றார்.

இப்போது புனே. இடது காது ஆறிவிட்டது. கம்பி நன்றாக உட்கார்ந்துவிட்டது. காவ்யாவுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. காப்பகத்தில் மற்ற குழந்தைகளிடம், இது மாமா காது என்று இடதைக் காட்டுகிறாளாம். வலதைக் கேட்டால் அதுவும் மாமா காது என்கிறாளாம். மாவ்ஷி சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

மூன்று வெள்ளிக்கிழமை அண்ணன் பேசிவிட்டான். மூன்று தடவையும், "காதப் பத்திரமா வச்சிருக்கியா?" என்றான். வச்சிருக்கேன் என்றேன். அது பாதி உண்மை. காதுகுத்தை ஏன் தள்ளி வைத்தீர்கள் என்று அவன் கேட்கவில்லை. தனக்காகக் காத்திருக்கிறோம் என்றே நினைத்திருக்கிறான். போன வாரம் பாப்பாவின் படம் ஒன்றை மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னான். இணைய மையத்தில் உட்கார்ந்து நான் தேர்ந்தெடுத்து அனுப்பியது, வலப்பக்கம் மட்டும் தெரிகிற படம். அதை அச்செடுத்து, தரையில் உட்கார்ந்து சாப்பிடும் இடத்துக்கு எதிரே சுவரில் ஒட்டியிருக்கிறானாம்.

இதைப் படிக்கிறவர்களிடம்தான் கேட்கிறேன். பங்குனி முடிவதற்குள் அண்ணனிடம் சம்மதம் வாங்கி, முத்துவேல் அண்ணனை வரவழைத்து, மாமனார் சொன்ன வயதுக்குள் முடிப்பதா? அல்லது வயது கடந்தாலும் வைகாசிவரை வலது காதை அப்படியே வைத்திருப்பதா? உங்கள் வீட்டில் எங்காவது ஒரு குழந்தைக்கு இரண்டு மாமன் மடி அமைந்திருந்தால், ஒவ்வொரு காதும் ஒருவருக்கு என்று நடந்திருந்தால், அதை எப்படிச் சொன்னீர்கள், யாரிடம் முதலில் சொன்னீர்கள் என்று எழுதுங்கள். எந்த வழி என்றாலும் ஒரு வெள்ளிக்கிழமை நான் அவனிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். அவன் எடுத்ததும் கேட்கப் போகிற அந்த முதல் கேள்விக்கு என்ன பதிலில் ஆரம்பிப்பது என்று மட்டுமாவது சொல்லுங்கள்.